லினக்ஸ் சர்வரின் மெமரிக் கணக்கில் ‘ஹார்ட்வேர் கரப்டட் 4 கேபி’ (ரேமில் 4 கேபி கெட்டிருக்கிறது) என்று காட்டுகிறது, ரீபூட் செய்தால் பூஜ்யமாகிவிடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். விட்டுப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்கிற தகுதியில் சொல்கிறேன்.

நீங்கள் சின்ன ஆபீஸில் ஒற்றை ஆளாக சர்வர் பார்ப்பவர் என்று நினைத்துக்கொள்கிறேன். “ரீபூட் பண்ணா சரியாயிடுதுல்ல, அப்புறம் என்ன?” என்று மேலே இருப்பவர் கேட்டிருப்பார். என்னிடமும் அதையேதான் கேட்டார்கள்.

எங்களுடையது இசிசி ரேம், அதாவது பிழையைத் தானே கவனிக்கும் ரேம், போட்ட பழைய லினக்ஸ் மெஷின். அதில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்தது. மாதக் கடைசி, சம்பளக் கணக்கு போடும் நேரம், எல்லாருடைய இணைப்பும் ஒரே சமயத்தில் அறுந்தது. லாகைத் திறந்தால், ஒரு போஸ்ட்கிரெஸ் பிராசஸை கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) சிக்பஸ் என்ற மெமரிப் பிழை சிக்னல் அனுப்பிக் கொன்றிருக்கிறது. ஒன்று அப்படிச் செத்தால், பொதுவில் வைத்திருக்கும் மெமரியை இனி நம்ப முடியாது என்று போஸ்ட்கிரெஸ் மற்ற பிராசஸ்களையும் இறக்கிவிட்டுத்தான் மறுபடி எழும். அதற்குக் கீழே ‘ரெகவர்ட்’ என்று ஒரு வரி. அந்த ஒரு வார்த்தையில்தான் ஏமாந்தேன். பிழைத்தது கர்னல். கெட்டுப்போன பக்கத்தில் (மெமரியை லினக்ஸ் 4 கேபி கூறுகளாகப் பிரித்து வைத்திருக்கும், ஒரு கூறுதான் ஒரு பக்கம்) இருந்த டேட்டா போனது போனதுதான்.

இசிசி வழக்கமாக 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்துக்கொள்ளும். ஒரு பிட் பிசகினால் திருத்தும், இரண்டு பிசகினால் கண்டுபிடிக்க மட்டும்தான் முடியும். அப்படி ஒரு பக்கம் மாட்டினால், 2009இல் வந்த 2.6.32 முதல் லினக்ஸ் அது யாருடைய பக்கம் என்று பார்க்கிறது. யாரும் எடுக்காத பக்கமா, ஒதுக்கி வைத்துவிடும். டிஸ்கில் இருக்கும் ஃபைலின் மாறாத நகலா, தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பப் படித்துக்கொள்ளும், யாருக்கும் தெரியவே தெரியாது. டிஸ்குக்குப் போகாத டேட்டா என்றால் அதைத் தொட்ட பிராசஸுக்குச் சாவு. கர்னலே தனக்கென வைத்திருக்கும் பக்கம் என்றால் பெரும்பாலும் மெஷினே படுத்துவிடும். (கர்னல் எழுதுபவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஹியூஜ் பேஜ் என்கிற பெரிய பக்கங்களின் கதையெல்லாம் வேண்டுமென்றேதான் விட்டேன்.)

சரி, ரீபூட்டுக்கு வருவோம். கெட்ட பக்கம் என்ற அந்தக் குறிப்பை கர்னல் எழுதி வைப்பதும் ரேமில்தான். ரீபூட் செய்தால் ரேம் குணமாவதில்லை, குறிப்புதான் அழிகிறது. அடுத்த முறை அதே 4 கேபியை நல்ல பிள்ளை மாதிரி யாருக்காவது எடுத்துக் கொடுக்கும். எங்களுக்குப் பன்னிரண்டாம் நாள் கொடுத்தது, இந்த முறை கர்னலுக்கே. திரையில் பேனிக், அதாவது கர்னலே கைவிரித்து நின்றுவிட்டது. அதிலிருந்த முகவரியைப் போட்டோ எடுத்துப் பழைய லாகோடு ஒப்பிட்டேன். கடைசி மூன்று இலக்கத்தை விட்டால் அதே எண்.

புது ரேம் வரும்வரை ஒட்டுப் போட, பூட் வரியில் ‘மெம்மேப்’ என்ற கர்னல் ஆப்ஷன் கொடுத்து அந்த 4 கேபியை மட்டும் ஒதுக்கப் பார்த்தேன். லாகில் வருவது பக்க எண், மெம்மேப் கேட்பது முகவரி. அதனால் கடைசியில் மூன்று பூஜ்யம் சேர்க்க வேண்டும் (எண்களெல்லாம் ஹெக்ஸில்). அது தெரிந்திருந்தது. நடுவில் வரும் டாலர் குறிக்கு முன்னால் பின்சாய்வுக் கோடு போடாவிட்டால், லினக்ஸை எழுப்பும் கிரப் அதை விழுங்கிவிடும் என்பது தெரியாது. மெஷின் எழவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு, ஏசி நிறுத்திய அறையில், பென் டிரைவில் பூட் செய்து திருத்தினேன்.

“ரேமை மாற்றுவதை விட்டுவிட்டு இது என்ன வேலை?” என்று யாராவது கமெண்டில் கேட்பீர்கள். பர்ச்சேஸ் ஃபைல் மூன்று மேஜை தாண்ட எத்தனை நாள் ஆகும் என்று தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். அன்று காலை வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் பதினொன்றரைக்கு வந்தேன். விரல் வைக்கும் மெஷின் அரை நாள் லீவ் போட்டுவிட்டது. ராத்திரி முழுக்க உள்ளேதான் இருந்தேன் என்று எச்ஆரிடம் சொன்னால், “சிஸ்டத்துல அப்படி வரலையே சார்” என்கிறார்கள். அந்த சிஸ்டம் ஓடுவதே நான் தூக்கி நிறுத்திய சர்வரில்தான்.

நீங்கள் மெமரிப் பிழைகளைப் பதிவு செய்யும் ராஸ்டீமன் போட்டு எந்த ஸ்லாட் என்று பாருங்கள். திருத்திய பிழைகளின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போகிறதென்றால், அந்த ரேம் துண்டைக் கழற்றிவிட்டுக் குறைந்த மெமரியில் ஓட்டுங்கள். வெறும் ரீபூட்டோடு விட்டுவிட வேண்டாம்.