மாதம் ஒரு ஊசி எப்படி வேலை செய்கிறது, ஊரடங்கில் அது உதவுமா?

மனச்சிதைவு நோய்க்குத் தினமும் மாத்திரை விழுங்குவதற்குப் பதில் மாதம் ஒரு ஊசி போதும் என்கிறார்களே, ஒரே ஊசி எப்படி அத்தனை நாள் உடம்பில் நிற்கும், இன்னொரு ஊரடங்கு வந்தால் உதவுமா என்று உங்கள் அண்ணனுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதில் இரண்டு பக்கமும் தெரியும். ஹைதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஃபார்முலேஷன் வேலை, அதாவது மருந்தை மாத்திரையாக, ஊசியாக உருவாக்கும் வேலை பார்க்கிறேன். ஊரில் என் சித்தப்பாவுக்கு இருபது வருடமாக இந்த நோய்.

2020 மார்ச் 25 அன்று பஸ் நின்றபோது சித்தப்பாவிடம் ஒன்பது ரிஸ்பெரிடோன் மாத்திரைதான் மிச்சம், மாதாமாதம் வாங்கும் ஆஸ்பத்திரியோ நாற்பது கிலோமீட்டர் தள்ளி. டாக்டர் போனிலேயே பார்த்துச் சீட்டு எழுதலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்ததும் அதே நாளில்தான், ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த சீட்டை நம்பி மருந்து கொடுக்க எங்கள் ஊர்க் கடைக்காரருக்குப் பயம். மாத்திரை தீர்ந்து பத்து நாளில் சித்தி போனில் அழுதார். "ராத்திரி பூரா முத்தத்துல நடக்காரு, மாஸ்க் போட்டவங்க எல்லாம் தன்னைப் பிடிக்கத்தான் வாராங்கன்னு சொல்லுதாரு."

கொரோனா கால மனநலம் என்றாலே பதற்றம், தனிமை, தூக்கமின்மை என்றுதான் பேசினார்கள். அதுவும் நிஜம்தான், முதல் வருடத்தில் உலக அளவில் பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடியதாக 2022இல் உலக சுகாதார நிறுவனமே சொன்னது. ஆனால் ஏற்கெனவே மருந்தில் இருந்தவர்களுக்கு அது தடைபடாமல் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டவர்கள் குறைவு. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

சரி, ஊசிக்கு வருகிறேன். ரிஸ்பெரிடோன் உடம்புக்குள் போய் மாறும் வடிவம்தான் பாலிபெரிடோன். அதோடு பால்மிடிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைச் சேர்த்தால் தண்ணீரில் மிக மிகக் கொஞ்சமாகவே கரையும் ஒரு பொருள் கிடைக்கும். அதைக் குட்டிக் குட்டி உருண்டை மணிகள் போட்டுச் சுற்றும் ஆலையில் நீரோடு அரைத்து, ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குப் பொடியாக்கி, பால் மாதிரி வெள்ளையாக ஊசியில் அடைக்கிறார்கள். தசைக்குள் போனதும் துகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், கரைந்ததை நொதிகள் வெட்டிப் பாலிபெரிடோனாக்கும். அமெரிக்காவில் இதற்கு 2009இல் அனுமதி கிடைத்தது.

அரைப்பதைவிட, அரைத்ததை அப்படியே நிற்க வைப்பதுதான் பெரும்பாடு. பொடித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டப் பார்க்கும். அப்புறம், சின்னத் துகள் சற்று அதிகமாகக் கரைந்து பெரிய துகள்மேல் போய்ப் படியும், பெரியது இன்னும் பெரிதாகும், இதை ஆஸ்ட்வால்ட் ரைப்பனிங் என்போம். பகல் வெயிலில் இளகி ராத்திரி உறையும் நெய் மணல் மணலாகத் திரளுமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. அதனால்தான் சூடும் குளிருமாக மாற்றி மாற்றி வைத்துச் சோதிக்கிறோம். துகள் அளவு மாறினால் கரையும் வேகமும் மாறும், ஒரு மாதக் கணக்கே தப்பிவிடும். இதைத் தடுக்கப் பாலிசார்பேட் 20 என்ற சேர்மானம் துகளைச் சுற்றி ஒரு போர்வை மாதிரி நிற்கிறது, கூடவே பாலிஎத்திலீன் கிளைக்கால் 4000. போர்வை நல்லதுதானே என்று பாலிசார்பேட்டை அள்ளிப் போடவும் முடியாது, அளவு மீறினால் அதுவே மருந்தைக் கரைத்து, துகள் வளர்வதை வேகப்படுத்திவிடும். இரண்டு வாரம் நன்றாக இருந்த கலவை மூன்றாம் வாரம் குப்பியின் அடியில் சுண்ணாம்பு போல இறுகி, எவ்வளவு குலுக்கினாலும் எழும்பாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஊரடங்கில் உதவுமா? உதவும், ஆனால் ஊசி போட ஒரு நர்ஸ் வேண்டும், அவரிடம் போகவும் வழி வேண்டும். மாத்திரையைவிட இதில் அவகாசம் அதிகம்: ஆரம்ப ஊசிகள் முடிந்து மாத ஊசிக்கு வந்தவருக்கு, முந்தையது போட்டு ஆறு வாரம் வரை ஆனாலும் வழக்கமான அளவிலேயே தொடரலாம். அதைத் தாண்டினால் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் அண்ணனுக்கு ரிஸ்பெரிடோனோ பாலிபெரிடோனோ மாத்திரையாக ஒத்துக்கொண்டதா என்று முதலில் பார்ப்பார்கள், பிறகு ஆரம்ப ஊசிகள்: முதல் நாள் ஒன்று, எட்டாம் நாள் ஒன்று, இரண்டும் தோளில்.

சித்தப்பா 2021இல் ஊசிக்கு மாறினார். போடும் முன் சிரிஞ்சைக் குறைந்தது 10 விநாடி பலமாகக் குலுக்க வேண்டும், அடியில் படிந்தது முழுக்கக் கலந்தால்தான் சரியான அளவு உள்ளே போகும். அண்ணனோடு போகும்போது நீங்களும் அதைக் கவனியுங்கள், நர்ஸ் அவசரத்தில் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.