அப்டேட்டை அமுக்குங்கள், ஆனால் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது?

கொடுங்கையூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: வீட்டு வாசலிலேயே சின்னதாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராது என்று சர்வீஸ் கடையில் அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 21 போட்டுக் கொடுத்தார்கள். கீழே மூலையில் கேடயம் மாதிரி ஒரு படம், அதில் ஒரு புள்ளி. திறந்தால் பெரிய பட்டியல் வருகிறது. "அதைத் தொட்டா பிரிண்டர் போயிடும், எதுவா இருந்தாலும் இங்க கொண்டு வாங்க" என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் 400 ரூபாய். என்னிடம் இருப்பது ஹெச்பி லேசர்ஜெட் 1020 பிளஸ். தொடலாமா, கூடாதா?

தாராளமாகத் தொடுங்கள் சகோதரி. அந்தக் கேடயம்தான் அப்டேட் மேனேஜர். மின்ட் 21-க்கு 2027 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு, ஒரு பைசா செலவில்லை. பட்டியலில் எதை எடுப்பது, எதை விடுவது என்று குழம்ப வேண்டாம். எல்லா டிக்கும் அப்படியே இருக்கட்டும், இன்ஸ்டால் அப்டேட்ஸ் அமுக்குங்கள். யூபிஎஸ் இல்லையென்றால், கரண்ட் போய்ப் போய் வரும் நாளில் மட்டும் வேண்டாம்.

அமுக்கியதும் பாஸ்வேர்டு கேட்கும். அப்டேட்டை விட எனக்குக் கவலை இங்கேதான். வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து வரும் மெஷின்களில் திரும்பத் திரும்ப இதைப் பார்க்கிறேன். கடைக்காரர் தன் பெயரில் ஒரு அட்மின் கணக்கை, அதாவது சாஃப்ட்வேர் போடவும் மாற்றவும் அதிகாரம் உள்ள கணக்கை, வைத்துக்கொண்டு, உங்களுக்கு வெறும் சாதாரணக் கணக்கைத் திறந்து கொடுத்திருப்பார். பிரவுசர் ஓடும், ஆபீஸ் ஓடும், அதனால் சந்தேகமே வராது. புதிதாக ஒரு சாஃப்ட்வேர் போடப் போனால்தான் பாஸ்வேர்டு பெட்டியில் உங்கள் பெயர் இல்லாமல் வேறொரு பெயர் தெரியும். வீட்டை உங்களுக்கு விற்றுவிட்டு சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்ட கதை. அப்புறம் 400 ரூபாய் கொடுக்காமல் எப்படி நகர முடியும்?

அந்தப் பெட்டியில் வேறு பெயர் தெரிந்தால் சிபியுவைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போங்கள். மெனுவில் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸைத் திறந்து உங்கள் கணக்கை அட்மினிஸ்ட்ரேட்டர் என்று மாற்றச் சொல்லுங்கள். மாற்றும்வரை எழுந்திருக்காதீர்கள், அதற்குக் காசும் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பாஸ்வேர்டை நீங்களே மாற்றி, கடைக்காரர் கணக்கை நீக்கிவிடுங்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் என்று தூரத்திலிருந்தே உங்கள் மெஷினை இயக்கும் சாஃப்ட்வேர் எதையாவது விட்டுவைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். வருஷா வருஷம் "லினக்ஸ் லைசென்ஸ் ரினிவல்" என்று யாராவது பணம் கேட்டால் அது பச்சைப் பொய். எந்தச் சான்றிதழுக்கும் ஆன்லைனில் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள், ஜனங்கள் உங்களைப் போன்ற கடைக்குத்தான் ஓடி வருகிறார்கள். உங்கள் மெஷினுக்கு ஒன்று என்றால் கேட்க மட்டும் ஒரு கவுன்டர் கிடையாது. இந்தக் கடைகள் பிழைப்பதே அதனால்தான்.

அப்டேட்டுக்கு முன்னால் டைம்ஷிஃப்டைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள். எது கெட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது சிஸ்டத்தை மட்டும்தான் காக்கும். வாடிக்கையாளர் ஃபைல்களைப் பென் டிரைவில் தனியாக வையுங்கள். புது சாஃப்ட்வேர் எல்லாம் சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்து மட்டும். யூடியூபில் யாரோ சொன்ன கமாண்டை அப்படியே ஒட்டாதீர்கள்.

இதற்கு ஒரே விலக்கு உங்கள் பிரிண்டர். 1020-ஐ ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற ஃபைலைக் கம்ப்யூட்டர்தான் அனுப்ப வேண்டும். அந்த ஃபைலை ஹெச்பி தனியாக, பிளக்இன் என்ற ஒட்டு சாஃப்ட்வேராக வைத்திருக்கிறது, மின்ட்டோடு சேர்ந்து வராது. மின்ட்டில் உள்ள ஹெச்பி டிரைவரின் பதிப்பும் பிளக்இன் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். கேடயத்தில் வரும் வழக்கமான அப்டேட் இதைக் கலைப்பதில்லை. மின்ட் 21-லிருந்து 22-க்கு மாறும்போதுதான் டிரைவர் பதிப்பு மாறும். அப்போது பிரிண்ட் கொடுத்தால் வரிசையில் நிற்கும், பேப்பர் வராது. "பிரிண்டர் போயிடும்" என்று கடையில் பயமுறுத்துவது இதை வைத்துத்தான். பிரிண்டருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மெனுவில் டெர்மினலை, அதாவது கமாண்டை அடிக்கும் ஜன்னலை, திறந்து, ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஹெச், பி, ஒரு சின்னக் கோடு, பிளக்இன் (hp-plugin) என்று இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். அதுவே பதிப்பைப் பார்த்து சரியானதை இறக்கிக்கொள்ளும். நெட்டும் உங்கள் பாஸ்வேர்டும் இருந்தால் போதும். அதனால் 22-க்கு மாறுவதைக் கடை மூடியிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள், ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்கப் பிள்ளைகள் வந்து நிற்கும் காலையில் வேண்டாம்.