படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனிப்பவர் தன் உடம்பைக் கவனித்துக்கொள்வது எப்படி? மசாஜ் போன்ற சிகிச்சைகள் பலன் தருமா?

கேட்டவர் மகளோ மருமகளோ என்று நினைக்கிறேன். மகனாக இருந்தால் மன்னிக்கவும். “இதற்குச் செலவு செய்வது சுயநலமா” என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குக் குடியாத்தம். அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, 2020 தை மாதம் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. அன்றிலிருந்து அவர் கட்டிலில், நான் கட்டிலைச் சுற்றி. “மாமியாரைப் பாரம் என்கிறாள் பார்” என்று கீழே எழுத வருபவர்கள் ஒரு வாரம் எங்கள் வீட்டில் வந்து தங்கிவிட்டு எழுதலாம். பாய் தருகிறேன், சோறும் போடுகிறேன்.

2022-இல் வைகாசி முதல் நாள். எங்கள் ஊரில் அன்று கெங்கையம்மன் சிரசு ஊர்வலம். வீட்டுக்கு ஓர் ஆள்கூட மிஞ்சாது. என் வீட்டில் மிஞ்சிய ஆள் நான். அத்தை கட்டிலில் கால்மாட்டுக்குச் சரிந்திருந்தார். வழக்கம்போல் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து மேலே இழுத்தேன். இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஊர்வலத்துக்காக மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். மேலே அவர், கீழே நான், இரண்டு பேருக்கும் வியர்வை ஓடுகிறது, தெருமுனையில் பம்பைச் சத்தம். அத்தை தலையைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வந்தவர் முதலில் கேட்டது, “அம்மாவுக்கு என்ன ஆயிற்று?”

பத்து நாள் கழித்து என் தங்கை வேலூரில் ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உடல், மனம், ஆன்மா எல்லாவற்றுக்கும் சிகிச்சை என்று போர்டு. புல்லாங்குழல் இசை, ஊதுவத்தி, 1,500 ரூபாய். குறை சொல்லவில்லை, அந்தப் பெண் நன்றாகத்தான் பிடித்துவிட்டாள். ஆனால் வெளியூர்க்காரி. முதுகை அழுத்திக்கொண்டே, “உங்கள் ஊரில் தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலையாமே?” என்று சிரித்தாள். அந்தப் பட்டியலில் அழகில்லாத பெண்கள் என்றும் ஒன்று உண்டு. கூலி கொடுப்பவள் என்பதால் விட்டுவிட்டாள் போலிருக்கிறது. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் கோயிலுக்குச் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே திரும்பி வந்துவிட்டார். நாற்பது வருடம் ஆகியும் இந்த வசனத்தை யாரும் மாற்றுவதாக இல்லை. பாலாற்றைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்க முடியாது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் குப்புறப் படுத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் போன ஆத்திரம் இன்னும் இருக்கிறது.

அன்று இரவே வலி திரும்பிவிட்டது. பிறகு அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவுக்குப் போனேன். சீட்டு கொடுக்கும் இடத்தில் பெயர் கேட்டார்கள், சொன்னேன். வயது கேட்டார்கள், சொன்னேன். உள்ளே மருத்துவர் சீட்டைப் பார்த்துவிட்டு, “எழுபத்து நான்கு வயது என்று போட்டிருக்கிறதே, பாட்டி எங்கே?” என்றார். அத்தையின் பெயரையும் வயதையும் கொடுத்திருக்கிறேன். இரண்டரை வருடமாக எந்த மருத்துவமனையிலும் அந்தப் பெயரைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறுபடியும் வரிசையில் நின்று 43 வயதுக்கு வேறு சீட்டு வாங்கினேன்.

அவர் உடனே எண்ணெயைக் கையில் எடுக்கவில்லை. கால் மரத்துப்போகிறதா, வலி காலுக்கு இறங்குகிறதா, சிறுநீர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார். இதில் ஏதாவது இருந்திருந்தால் முதலில் எலும்பு மருத்துவரிடம் அனுப்பியிருப்பாராம். சித்த மருத்துவத்தில் மசாஜுக்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை உண்டு; எல்லாமே எல்லோருக்கும் செய்வதில்லை. எனக்கு உளுந்துத் தைலத்தை வெதுவெதுப்பாகத் தேய்த்து அழுத்தலும் பிடித்தலும் மட்டும். பிறகு நொச்சி இலை ஒற்றடம்.

தேய்த்துவிட்ட அம்மா பிடரியில் கட்டைவிரலை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வலி என்று சொல்லிவைத்தேன். நாள் முழுக்க ஓர் உடம்பைத் துடைத்து, திருப்பி, தூக்கிக்கொண்டிருக்கிற எனக்கு, இன்னொருவர் கை என்மேல் பட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்குப் போட வரவில்லை. அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. “மூச்சைப் பிடிக்காதே, விடு” என்றார், அவ்வளவுதான்.

அதனால் பலன் தருமா என்றால், எனக்குத் தந்தது. தண்டுவடம் நேராகிவிட்டது, நச்சு வெளியேறிவிட்டது என்றெல்லாம் நான் சொல்லவில்லை. நான் மருத்துவரும் இல்லை. ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைச்சதை வலித்தால் உங்களுக்கானாலும் படுத்திருப்பவருக்கானாலும் அங்கே தேய்க்கவே கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, தைலம் பாதி வேலைதான். நான் தூக்கிய முறையே தவறு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த இயன்முறை சிகிச்சைப் பெண் அதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். பக்கவாதம் வந்த பக்கத்து அக்குளில் கை கொடுத்து இழுத்தால் அவர்கள் தோள்மூட்டும் நழுவிவிடுமாம். கட்டில் கால்களுக்கடியில் செங்கல் வைத்து என் இடுப்பு உயரத்துக்கு ஏற்றச் சொன்னாள். அத்தையின் முதுகிலிருந்து தொடைவரை பழைய எட்டு முழ வேட்டியை மடித்துப் போட்டுவிட்டு, மேலே நகர்த்த வேண்டுமானால் ஆளுக்கொரு பக்கம் வேட்டியைப் பிடித்து இழுக்க வேண்டும். திருப்பும்போது எனக்கு எட்டத்தில் இருக்கிற முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை வைத்து என் பக்கமாக உருட்ட வேண்டும். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புகிறோம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

வேட்டிக்கு இரண்டு ஆள் வேண்டுமே. அதனால் வீட்டுக்காரரும் கற்றுக்கொண்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க அவர் முறை. மூன்றாவது ஞாயிறு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, “அந்தத் தைலம் எங்கே வைத்தாய்?” என்றார். இப்போது பாட்டிலில் பாதி அவர் முதுகுக்குத்தான் போகிறது.