அம்மாவை ஹோமில் சேர்க்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. மன்னார்குடியில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர், குடும்ப ஓய்வூதியம் மாதம் 19 ஆயிரம் வருகிறது. போன மாதம் கொல்லைப்பக்கம் வழுக்கி விழுந்துவிட்டார், அன்றிலிருந்து எங்களுக்குத் தூக்கம் இல்லை. கும்பகோணம் பக்கத்தில் ஒரு சீனியர் சிட்டிசன் ஹோம் பார்த்தோம். டெபாசிட் 5 லட்சம், மாதம் 24 ஆயிரம் என்கிறார்கள். வீட்டை விற்றுவிட்டு அம்மாவை அங்கே சேர்த்துவிடலாம் என்று தம்பி சொல்கிறான். செய்யலாமா?
- வாசகி, சென்னை

பதில்: வீட்டை இப்போது விற்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த 24 ஆயிரம் யாருக்கான கணக்கு என்று கேட்டீர்களா? தானே எழுந்து நடந்து, தானே குளித்து, சாப்பாட்டு மணி அடித்ததும் தானே ஹாலுக்கு வருகிறவருக்கான கணக்கு அது. அம்மா படுத்துவிட்டால் ஆயாவுக்குத் தனி, டயப்பருக்குத் தனி, மருந்துக்குத் தனி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வண்டிக்கும் தனி. அதனால் ஹோம் நடத்துகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "அம்மா படுக்கையில் விழுந்தால் வைத்துப் பார்ப்பீர்களா, அப்போது மாதம் எவ்வளவு?" என்பதைத்தான். "அதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம்மா" என்று பதில் வந்தால் நம்பாதீர்கள், எழுதி வாங்குங்கள். என் பெரியம்மாவை ஒரு ஹோமில் சேர்த்திருந்தோம். ஏழாவது மாதம் இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புகிற அன்றைக்கு, "இனி எங்களால் பார்க்க முடியாது, வேறு இடம் பாருங்கள்" என்று ஹோமிலிருந்து போன் வந்தது. டெபாசிட்டிலும் ஏகப்பட்ட பிடித்தம். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், நடமாட முடியாதவர்களைத் திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டும் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. நாங்கள் ஒருத்தரும் அதைப் படிக்கவில்லை.

கட்டணத்தை வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றுவார்கள் என்றும் கேளுங்கள். 10 சதவீதம் என்றால், இன்றைய 24 ஆயிரம் ஐந்து வருடத்தில் 38 ஆயிரத்தைத் தாண்டிவிடும். அம்மாவுக்கு 80 வயது முடிந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வரும், அகவிலைப்படியும் ஏறும், ஆனாலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. இன்னொரு விஷயம், பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்துகிற இல்லமாக இருந்து, மாதக் கட்டணம் 25 ஆயிரத்துக்குள் இருந்தால், 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கம்பெனியாக நடத்துகிறார்கள் என்றால் அந்த 24 ஆயிரத்துக்கு மேல் வரி எவ்வளவு என்று பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

மறுபடியும் ஒருமுறை போய்ப் பாருங்கள். இந்தத் தடவை காலை பதினோரு மணிக்கு வேண்டாம், அப்போது எல்லா இடமும் பளிச்சென்றுதான் இருக்கும். ராத்திரி ஏழரைக்குப் போங்கள், சாப்பாடு முடிந்து பாதிப் பேர் வேலையை முடித்துக் கிளம்பியிருக்கும் நேரம். பாத்ரூம் தரை காய்ந்திருக்கிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, கட்டிலில் படுத்தபடியே கைக்கு எட்டுகிற இடத்தில் காலிங் பெல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த பெல்லை நீங்களே அழுத்திவிட்டு, யாராவது வருவதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று எண்ணுங்கள். அப்புறம் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை பேசுங்கள், பேசும்போதே விரல் நகங்களைக் கவனியுங்கள். நகம் ஒட்ட வெட்டிச் சுத்தமாக இருந்தால் அங்கே யாரோ ஒருத்தர் மனசு வைத்துப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தம்பி என்ன சொல்கிறான் என்று இருக்கிறது, அம்மா என்ன சொல்கிறார் என்று எங்கேயும் இல்லை. கேளுங்கள். ஒரு மாதம் மட்டும் கட்டணம் கட்டித் தங்கிப் பார்க்க முடியுமா என்று ஹோமில் விசாரியுங்கள், அந்த ஒரு மாதமும் வீட்டுச் சாவி அம்மா இடுப்பிலேயே இருக்கட்டும்.

அம்மா வர மாட்டேன் என்றால் ஊரிலேயே நிறைய செய்யலாம். கொல்லைப்புறக் கழிப்பறையை வீட்டுக்குள் கொண்டுவந்து, வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, சுவரில் கம்பி அடித்து, படுக்கையிலிருந்து அதுவரைக்கும் ராத்திரி விளக்கு போடுங்கள். ஒருவேளைச் சாப்பாட்டை மெஸ்ஸிலிருந்து கேரியரில் வரவழைக்கலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றைத் தபால்காரரே வீட்டுக்கு வந்து விரல் ரேகை வைத்து எடுத்துத் தருவார், கட்டணம் 70 ரூபாய்.

எப்போதாவது வீட்டை விற்கத்தான் வேண்டும் என்று வந்தால், பணம் அம்மா பெயரில்தான் இருக்க வேண்டும். உங்கள் பெயரிலும் வேண்டாம், தம்பி பெயரிலும் வேண்டாம். தபால் அலுவலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம். 15 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் வரும்.

கேள்வி: எனக்கு 74 வயது. மூன்று வருடத்துக்கு முன் வீட்டை மகன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது ஒருவேளைச் சோறுக்குக்கூட மருமகள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கோர்ட்டுக்குப் போக வசதியும் இல்லை, மனசும் இல்லை.
- வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: ஐயா, நீங்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்திலேயே தீர்ப்பாயம் இருக்கிறது. வக்கீல் தேவையில்லை. வெள்ளைத்தாளில் நடந்ததை எழுதி, செட்டில்மென்ட் பத்திரத்தின் நகலோடு கொடுங்கள். மகன் உங்களுக்கு மாதம் 10 ஆயிரம் ரூபாய் வரை கொடுக்க உத்தரவு போடலாம். "பார்த்துக்கொள்வான்" என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்த சொத்து, அவன் பார்க்காமல் விட்டால், அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கவும் 23-ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. உங்கள் பத்திரத்தில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும். இதைப் படிக்கிற மற்ற பெற்றோரே, எழுதிக் கொடுப்பதாக இருந்தால் சாப்பாடு, தங்க இடம், வைத்தியச் செலவு மூன்றையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்ற பிள்ளையிடம் என்ன நிபந்தனை என்று கூச்சப்பட்டு விட்டவர்கள்தான் எனக்கு நிறையக் கடிதம் எழுதுகிறார்கள்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் பேசுங்கள். கட்டணம் கிடையாது. எப்படிச் செய்வது என்று வழி சொல்வார்கள்.

கேள்வி: வயது 67, பிள்ளை குட்டி இல்லை, வாடகை வீடு. மாதம் 24 ஆயிரம், 30 ஆயிரம் என்று நீங்கள் எழுதுவதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டுமா?
- வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: எட்டாதும்மா, அது எனக்குத் தெரியும். முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தீர்களா? மாதம் 1,200 ரூபாய். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக்கோடு இ-சேவை மையத்துக்குப் போங்கள். வி.ஏ.ஓ. விசாரணை முடிந்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் கோப்பு போகும். ஒரு மாதம் ஆகியும் தகவல் இல்லையென்றால் திங்கட்கிழமை திருவாரூரில் கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் போய் நேரில் கொடுங்கள். அதே வளாகத்தில் மாவட்டச் சமூகநல அலுவலகம் எங்கே என்று விசாரித்து, கட்டணமில்லா முதியோர் இல்லத்தில் இடம் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். முதியவர்களும் ஆதரவற்ற குழந்தைகளும் ஒரே வளாகத்தில் இருக்கிற, அரசு மானியத்தில் நடக்கும் இல்லங்கள் உண்டு. இன்றைக்கே போக வேண்டும் என்பதில்லை, பெயரை மட்டுமாவது எழுதி வைத்துவிட்டு வாருங்கள்.