ஒரே மூலப்பொருள், வேறு வேறு நச்சு: கத்தரிக் குடும்ப நொதிகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: தக்காளி, உருளை, கத்தரி மூன்றும் ஒரே குடும்பம். அவற்றின் ஆல்கலாய்டுகள், அதாவது கசக்கும் நச்சுப் பொருள்கள் மட்டும் ஏன் வேறுபடுகின்றன சார்?

பதில்: மூன்றும் தொடங்குவது கொலஸ்ட்ராலில்தான். கேம் எனப் பெயரிட்டு எண் கொடுத்திருக்கும் நொதிகள் அதில் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் ஏற்றுகின்றன. பாதை பிரிவது பிற்பாடுதான். தக்காளியில் கேம்25 ஓர் இரட்டைப் பிணைப்பை நீக்கும் வேலையைத் தொடங்கிவைக்க, டொமாடிடின் கிடைக்கிறது. உருளையில் டிபிஎஸ் நொதி வளையத்தையே மாற்றிக் கட்டுவதால் சொலனிடின். கத்தரியில் இவ்விரண்டும் நடப்பதில்லை, அங்கே சொலசோடின். அதன் பிறகு இவற்றின்மேல் சர்க்கரை ஏறி முழு ஆல்கலாய்டு ஆகும்: தக்காளியின் டொமாட்டினில் நான்கு, உருளையின் சொலனினில் மூன்று.

கேள்வி: கலாபகஸ் தீவுகளின் காட்டுத் தக்காளி கத்தரி மாதிரி ஆல்கலாய்டு செய்கிறதாமே?

பதில்: ஆமாம், எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. 25ஆம் கார்பனில் ஒரு தொகுதி எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது கேம்8. சாதாரணத் தக்காளியில் அது 25எஸ் எனும் திசை, கத்தரியில் எதிர்த்திசையான 25ஆர். மேற்கிலுள்ள, வயதில் இளைய தீவுகளின் தக்காளிகள் 25ஆர் வடிவத்தைச் செய்கின்றன. கேம்8இல் நான்கே அமினோ அமிலங்கள் மாறினால் போதும், திசை புரண்டுவிடும் என்று 2025இல் வெளியான ஆய்வு காட்டியது. அணுக்களின் எண்ணிக்கை அதேதான். மாறியது வடிவம் மட்டுமே.

கேள்வி: பழுத்ததும் கசப்பு எங்கே போகிறது?

பதில்: கேம்31, கேம்5 முதலியவை டொமாட்டினைப் படிப்படியாகக் கசப்பில்லாத எஸ்குலியோசைடு ஏ ஆக மாற்றிவிடுகின்றன.

கேள்வி: பச்சை படிந்த உருளையை வேகவைத்தால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. வேகவைக்கும் சூட்டில் சொலனின் சிதைவதில்லை. பச்சை நிறம் வெறும் பச்சையம், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அதே வெளிச்சம் ஆல்கலாய்டையும் கூட்டுகிறது. கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் மேல்வரம்பு. தோலிலும் முளைக்கண்ணிலும்தான் அதிகம், அவற்றை ஆழமாகச் செதுக்கி எடுங்கள். அதன் பிறகும் கசந்தால் தூக்கி எறியுங்கள். அடிபட்ட கிழங்கிலும் அளவு ஏறும். எனவே இருட்டில் வைத்தால் மட்டும் போதாது, நசுங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: குடைமிளகாய்ச் செடிக்குப் பக்கத்தில் கார மிளகாய் நட்டால் காய் காரமாகிவிடுமா?

பதில்: இந்தக் காய் ஆகாது. காரம் தரும் பொருளான கேப்சைசினைக் கடைசியாகக் கோர்ப்பது பன்1 மரபணு தரும் நொதி. குடைமிளகாயில் அந்த மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. காரம் ஊறும் சூல்திசு, அதாவது காய்க்குள் விதைகள் ஒட்டியிருக்கும் சதை, தாய்ச்செடியுடையது, மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் அது மாறாது. விதைதான் மாறும். பன்1இன் நல்ல நகல் ஒன்று இருந்தாலே காரம் வந்துவிடும் என்பதால், கலப்பு விதையில் முளைக்கும் செடி காரமாகவே காய்க்கும். விதைக்கென்று காய் விடுவதாக இருந்தால், மொட்டு விரியும் முன்பே மெல்லிய துணிப்பை கட்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்து, அந்தக் காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள்.