வெளிநாட்டில் மிஷனரித் தம்பதியின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேள்வி கேட்டவர், "வெளிநாட்டில் மிஷனரியாக இருக்கும் கணவனும் மனைவியும் வாரம் முழுவதும் என்னதான் செய்வார்கள்? பிரசங்கம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே?" என்று கேட்டிருக்கிறார். கேள்வியில் லேசான குத்தல் தெரிகிறது. பரவாயில்லை, என் பெரிய மாமனாரும் கல்யாண வீடுகளில் இதையேதான் கேட்பார்.

நாங்கள் இருப்பது மலாவியில், டெட்சா மாவட்டத்தில். தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் கடலே இல்லாத, ஆனால் கடல்போல ஓர் ஏரி உள்ள சிறிய நாடு அது. டெட்சா மலைப்பாங்கான ஊர். ஏறக்குறைய ஏற்காட்டின் உயரம். ஜூன், ஜூலையில் கம்பளி இல்லாமல் வெளியே வர முடியாது. என் கணவர் அங்கே சபை நடத்தும் பள்ளியில் கணக்கு ஆசிரியர். சனிக்கிழமைகளில் கிராமத்துச் சபை மூப்பர்களுக்கு வேதபாட வகுப்பு எடுக்கிறார். "மிஷனரியும் அவருடைய மனைவியும்" என்று அறிக்கைகளில் ஒரு வரி வருமே, அதில் இரண்டாவதாக வருகிறவள் நான். விடுப்பில் கிருஷ்ணகிரிக்கு அம்மா வீட்டுக்கு வந்திருப்பதால் உட்கார்ந்து எழுத முடிகிறது.

மலாவியின் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அம்மா இங்கே பலகாரம் முடித்துவிட்டு எட்டரை மணிக்குப் போன் செய்தால் எங்களுக்கு அப்போதுதான் ஐந்து. அந்நேரத்துக்கு நான் பக்கெட்டோடு அடிபம்பு வரிசையில் நிற்பேன். வீட்டில் குழாய் உண்டு. அதில் தண்ணீர் வருவது அதன் விருப்பம். எனக்கு சிச்சேவா மொழி வந்தது பாடப் புத்தகத்தால் அல்ல, இந்த வரிசையால்தான். யார் வீட்டில் காய்ச்சல், யார் மகன் வேலை தேடித் தென்னாப்பிரிக்காவுக்குப் போனான், யார் மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனாள் என்று எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். பிற்பகலில் என் கணவர் யாரையாவது சந்திக்கப் போகும்போது அவருக்குத் தேவையான தகவல் காலையிலேயே என் பக்கெட்டோடு வீட்டுக்கு வந்திருக்கும்.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2022 ஜனவரியில் அனா புயல் கபிச்சிரா நீர்மின் நிலையத்தைச் சேதப்படுத்தியபோது நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அன்றிலிருந்து கரி அடுப்பும் நானும் நல்ல சிநேகிதிகள்.

சாப்பாட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் விடுப்பில் வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கொதிக்கும் தண்ணீரில் மக்காச்சோள மாவைக் கொட்டி, மரத் துடுப்பால் கை வலிக்கக் கிண்டி இறக்கும் ன்சிமாதான் அங்கே அன்றாட உணவு. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தில் கேழ்வரகுக் களி கிண்டி வளர்ந்தவளுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதல் வாரத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி என் கையிலிருந்து துடுப்பை வாங்க வந்தவர், நான் சட்டியைக் காலால் அணைத்துப் பிடித்துக் கிண்டுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேடிக்கை பார்க்கத்தான். பூசணி இலையை நிலக்கடலைப் பொடி போட்டு வேகவைத்த கீரையும், ஏரியிலிருந்து வரும் உசிபா என்ற பொடிக் கருவாடும் தொட்டுக்கொள்ளக் கிடைக்கும். கருவாட்டுக்கு நான் புளி ஊற்றிக் குழம்பு வைப்பேன். ஏரிக்கரைப் பக்கம் புளியமரம் உண்டு. துவரம்பருப்புக்கும் பஞ்சமில்லை. மலாவி துவரை விளைவிக்கும் நாடு. ஆண்டுக்கு 50,000 டன் வரை அங்கிருந்து வாங்க 2021இல் இந்தியா ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. கிருஷ்ணகிரியில் அம்மா வைக்கும் சாம்பாரில் எங்கள் நாட்டுப் பருப்பு வேகவில்லை என்று யார் சொல்ல முடியும்? கறிவேப்பிலைக்கும் கடுகுக்கும் மட்டும் தலைநகர் லிலாங்வேயின் பழைய நகரத்தில் இருக்கும் குஜராத்திக் கடைகளுக்குப் போக வேண்டும்.

இனி ஊழியம். "அங்கே எத்தனை பேரை மாற்றினீர்கள்?" என்று நம் ஊரில் இரு தரப்பினர் கேட்கிறார்கள்: கோபத்தோடு கேட்பவர்களும், ஆவலோடு கேட்பவர்களும். இருவருக்கும் என் பதில் ஒன்றுதான். 2018 கணக்கெடுப்பின்படி மலாவி மக்களில் 77 சதவீதத்துக்கும் மேல் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். பிரஸ்பிட்டேரியன் சபை அந்தப் பகுதிக்கு வந்ததே 1889இல். அவர்களுக்கு இயேசுவை அறிமுகம் செய்ய நாங்கள் போகவில்லை. அங்கே உள்ள தட்டுப்பாடு வேறு. ஒரு போதகர் பல ஜெப வீடுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது; அவர் வராத ஞாயிறுகளில் அங்கெல்லாம் பிரசங்கிப்பது மூப்பர்கள். அவர்களில் பலர் காலையில் வயலில் மண்வெட்டி பிடித்துவிட்டு வருகிறவர்கள். அவர்களோடு உட்கார்ந்து வேதத்தைப் படிப்பதும், பள்ளியில் இயற்கணிதம் சொல்லித் தருவதும் என் கணவரின் வேலை. இரண்டில் எது புனிதமானது என்று கேட்டால் அவர் இயற்கணிதம் என்பார். கணக்கு வாத்தியார் வேறென்ன சொல்வார்!

என் வேலை சமையலறையின் பின்வாசலில் நடக்கிறது. மாதவிலக்கு நாட்களில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் இருப்பதை அந்தப் பின்வாசலில்தான் தெரிந்துகொண்டேன். கடையில் விற்கும் நாப்கின் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. எனக்குத் தையல் தெரியும். துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் துணி நாப்கின் தைப்பதைக் கற்றுத் தரத் தொடங்கினேன். மேலே அந்த ஊர்ப் பெண்கள் இடுப்பில் சுற்றும் சிட்டெஞ்சே துணி, உள்ளே இரண்டு மூன்று அடுக்கு ஃபிளானல், அடியில் ஈரம் கசியாத ஒரு தாள்துணி, இரண்டு பக்கமும் சிறகு, சிறகில் அழுத்தும் பட்டன். கேட்பதற்கு எளிது. மிதி மெஷினில் அத்தனை அடுக்கையும் ஒன்றாகத் தைத்தால் ஊசி படக்கென்று ஒடியும். அந்த ஊர்ச் சந்தையில் கடைத் திண்ணைகளில் மெஷின் போட்டுத் தைப்பவர்கள் அநேகமாக ஆண்கள். பெண்கள் மிதிப்பதைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களில் ஒருவரே வந்து நூல் இழுவிசையைச் சரிசெய்து கொடுத்தார், எதைத் தைக்கிறோம் என்று ஒரு வார்த்தை கேட்காமல். பெரிய மனிதர். ஃபிளானல் துணியை நான் ஒவ்வொரு விடுப்பிலும் பர்கூர் மொத்தக் கடைகளில் பேரம் பேசி வாங்கிக்கொண்டு போகிறேன். "இத்தனை மீட்டரா? வீட்டில் எத்தனை குழந்தை?" என்று கடைக்காரர் கேட்பார்.

வாரத்தில் எந்தத் திட்டத்தையும் கவிழ்த்துவிடுவது சாவு. ஊரில் ஒருவர் இறந்தால் எல்லா வேலையும் நின்றுவிடும். ஆண்கள் குழி வெட்டப் போவார்கள்; பெண்கள் விறகும் மாவும் சுமந்துகொண்டு சாவு வீட்டுக்குப் போய் இரவு முழுவதும் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். போகாதவர்களை ஊர் மறக்காது. என் கணவர் வெளியே ஆண்களோடு பெஞ்சில் இருக்க, நான் உள்ளே பெண்களோடு கால் மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருப்பேன். பாடுவார்கள், அழுவார்கள், நடுவில் யாராவது ஒரு வேடிக்கைக் கதை சொல்ல எல்லோரும் சிரிப்பார்கள். நம் ஊர் இழவு வீட்டை அறிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. எங்களை அந்த ஊர் ஏற்றுக்கொண்டது இந்த இரவுகளால்தான் என்பது என் எண்ணம். என் கணவர் தன் பிரசங்கங்களுக்கும் கொஞ்சம் பங்கு கேட்கிறார்.

சாவு வீட்டுக்கு முகமூடிக் கூத்தும் வரும். குலே வம்குலு என்று பெயர், சேவா மக்களுடையது. யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. பழைய மிஷனரிகள் அதைப் பேயாட்டம் என்று எதிர்த்தார்கள். இன்றும் பல மூப்பர்களுக்கு அது ஆகாது. ஆனால் எங்கள் மாவட்டத்திலேயே, 1902இல் கத்தோலிக்கக் குருக்கள் தொடங்கிய முவா மிஷனில் அந்த முகமூடிகளுக்கு ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. நேற்று வந்த நான் அதில் தீர்ப்பு சொல்வது முறையல்ல. கூத்து வரும்போது குழந்தைகளோடு ஒதுங்கி நின்றுகொள்வேன்.

பணம். எங்களுக்குப் பெரும்பாலும் உதவுவது ஊரில் இருக்கும் உறவினர்களும் சில குடும்பங்களும். ஒருமுறை சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஒரு பெரியவர் அநியாய விலைக்கு எடுத்து, "இது மலாவிக்கு" என்றாராம். பூசணிக்காயை வீட்டுக்கு எடுத்துப் போனது அவர்தான். சங்கடமான ஒன்றையும் சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் மலாவியின் ரிசர்வ் வங்கி அந்நாட்டு நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தது; ஒரு டாலருக்கு 44 சதவீதம் கூடுதல் குவாச்சா என்றானது. வெளியிலிருந்து பணம் வரும் எங்களுக்குக் கையில் கிடைக்கும் குவாச்சா கூடியது. பக்கத்து வீட்டு ஆசிரியரின் சம்பளம் அப்படியே இருக்க, எண்ணெய், சர்க்கரை விலை எங்கோ போய்விட்டது. அதற்கடுத்த ஆண்டு வறட்சி. 2024 மார்ச்சில் 28 மாவட்டங்களில் 23இல் பேரிடர் நிலையை அறிவித்தார்கள். வழக்கமாகவே ஜனவரி முதல் மார்ச் வரை பழைய சோளம் தீர்ந்து புதியது வராத பசி மாதங்கள். அந்த ஆண்டு புதியதும் சரியாக வரவில்லை. பின்வாசலில் நிற்பவர்களுக்குச் சும்மா கொடுப்பதா, வேலை கொடுத்துக் கூலியாகக் கொடுப்பதா என்று எங்கள் வீட்டில் நடந்த சண்டை அக்கம்பக்கத்துக்கே கேட்டிருக்கும். நல்லவேளை, தமிழில் சண்டை போட்டோம். கன்யு என்று அங்கே தினக்கூலி வேலை முறை இருக்கிறது. கடைசியில் உடம்பில் தெம்புள்ளவர்களுக்கு அது, வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கேள்வியில்லாமல் மாவு என்று முடிவானது. அது சரியான முடிவா என்று இன்றும் நாங்கள் இருவரும் ஒத்துப்போகவில்லை.

விடுப்பில் வந்தால் சில சபைகளில், "ஏழைப் பிள்ளைகளின் படம் இருந்தால் திரையில் போடுங்கள், மக்கள் மனமிரங்குவார்கள்" என்கிறார்கள். போட மாட்டேன். நம் பாட்டன் பூட்டன்களும் ஒரு காலத்தில் வெளிநாட்டு மிஷன் அறிக்கைகளில் சட்டையில்லாமல் வரிசையாக நின்றவர்கள்தான். இன்னும் சிலர் அந்த மக்களின் நிறத்தைப் பற்றிப் பேசுவதை இங்கே எழுதக் கை கூசுகிறது; அதுவும் ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டே.

எங்கள் ஊருக்கு மிஷனரி என்பது புதிதல்ல, போகிற திசைதான் புதிது. 1895இல் அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபைக்காகத் தியோடர் நேத்தர் பணியைத் தொடங்கியது இதே கிருஷ்ணகிரியில். 1904இல் அவர் பிளேக் நோயில் இறந்தார். கொல்லிமலையில் மிஷனரி ஜெஸ்ஸி பிராண்டு 1929இல் மலேரியா முற்றி இறந்த பிறகு, அவருடைய மனைவி ஈவ்லின் முதுமையில் திரும்பி வந்து மலை மலையாக ஏறி இறங்கினார். 1974இல் இறக்கும்போது அவருக்கு வயது 95. "மிஷனரியின் மனைவி" என்று யாராவது என்னை அறிமுகம் செய்யும்போதெல்லாம் அந்தப் பாட்டி நினைவுக்கு வருவார்.

நாங்கள் தம்பதியாக எப்படி இருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கதவு காலையிலிருந்து இரவுவரை திறந்தே இருக்கும். எப்போதும் யாராவது ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கோபித்துக்கொண்டு போய்ப் படுக்க அத்தை வீடோ சித்தி வீடோ இல்லை. ஆகையால் கோபம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, அல்லது தீர்ந்ததுபோல் நடிக்கிறோம். இருவரில் ஒருவருக்கு மட்டும் போக ஆசை என்றால் தயவுசெய்து போகாதீர்கள். இருவருக்கும் ஆசை என்றால் ஒரு மழைக்காலம் முழுவதும் அங்கே தங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உதவி அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய துணி வேண்டாம். உலகத்தின் பழைய துணியெல்லாம் ஏற்கெனவே அந்தச் சந்தைகளில் குவிந்து கிடக்கிறது, அதற்கு கௌஞ்சிகா என்று தனிக் கடைகளே உண்டு. தையல் மெஷின் ஊசி (தடித்த துணிக்கான 16, 18 எண்), அழுத்தும் பட்டன், குக்கர் காஸ்கெட் இவை போதும். அடுத்த மாதம் பெட்டி கட்டுகிறேன். மாங்காய் ஊறுகாய்க்கு மட்டும் இனி இடமில்லை, அம்மா ஏற்கெனவே வைத்துவிட்டார்.