கேளுங்கள், சொல்கிறோம்: நொதி என்றாலே புரதம்தானா?

கே: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள், ‘எல்லா நொதிகளும் புரதங்களே’ என்ற வரிக்கு ‘தவறு’ என்று எழுதினாள். மார்க் போடவில்லை. யார் சொல்வது சரி?
(வாசகி, கரூர்)

ப: மகள் சொன்னதுதான் சரி. நொதி, அதாவது செல்லில் வேதிவினையை வேகப்படுத்தும் என்சைம், ஆர்.என்.ஏ.வாகவும் இருக்கலாம். தயங்காமல் போய் மார்க் கேளுங்கள்.

ஆசிரியரையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது. 1926-இல் ஜேம்ஸ் சம்னர் வாளவரை இனத்து ஜாக் பீன் கொட்டையிலிருந்து யூரியேஸ் நொதியைப் படிகமாகப் பிரித்து, அது புரதம் என்று காட்டினார். அதன்பின் யார் எந்த நொதியைப் பிரித்தாலும் புரதமாகவே வந்துகொண்டிருந்ததால், அரை நூற்றாண்டில் அது விதியாகவே பாடப்புத்தகத்தில் உட்கார்ந்துவிட்டது.

அதை அசைத்தது குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரி. அதன் ஆர்.என்.ஏ. ஒன்றின் நடுவே 413 நியூக்ளியோடைடு (ஆர்.என்.ஏ. சங்கிலியின் கண்ணி) நீளத்துக்கு வேண்டாத துண்டு ஒன்று இருக்கிறது, அதை வெட்டி எடுக்கும் நொதி எது என்று கொலராடோ பல்கலைக்கழகத்தில் தாமஸ் செக் குழுவினர் தேடினார்கள். செல்சாறு சேர்த்த குழாயில் வெட்டு விழுந்தது, சரி. சேர்க்காத குழாயிலும் விழுந்தது! ஏதோ புரதம் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, புரதத்தைச் செரிக்கும் நொதியைப் போட்டார்கள், டிடர்ஜென்ட் போட்டார்கள், கொதிக்கக்கூட வைத்துப் பார்த்தார்கள். வெட்டு நிற்கவில்லை. கடைசியில் அந்த மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற வட்ட டி.என்.ஏ.வில் ஏற்றி, டெட்ராஹைமினா செல்லின் வாடையே படாத ஆர்.என்.ஏ.வைக் குழாயிலேயே தயாரித்து, மெக்னீசியமும் ஜி.டி.பி. (GTP) என்ற சிறு மூலக்கூறும் சேர்த்தார்கள். அதுவும் துண்டைத் தானே வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனைகளையும் ஒட்டிக்கொண்டது. 1982-இல் இதை வெளியிட்டபோது வைத்த பெயர்தான் ரைபோசைம்.

விடாக்கண்டர் யாராவது கேட்கலாம்: தன்னையே வெட்டிக்கொள்வது எப்படி நொதியாகும், நொதி என்றால் வேலை முடிந்தபின் மாறாமல் இருக்க வேண்டாமா? நியாயமான கேள்விதான். பதில் மறு வருடமே யேல் பல்கலைக்கழகத்தின் சிட்னி ஆல்ட்மன் தரப்பிலிருந்து வந்தது. ஈ.கோலை பாக்டீரியாவில், அமினோ அமிலத்தைச் சுமந்து செல்லும் டி-ஆர்.என்.ஏ.வின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை நறுக்குவது ஆர்.என்.ஏஸ் பி என்ற நொதி; அதில் 377 நியூக்ளியோடைடு ஆர்.என்.ஏ. ஒன்றும் சிறிய புரதம் ஒன்றும் உண்டு. மெக்னீசியத்தைக் கூட்டி வைத்தால் புரதம் இல்லாமலே அந்த ஆர்.என்.ஏ. ஒன்றை நறுக்கிவிட்டு அடுத்ததைப் பிடிக்கிறது, தான் மட்டும் அப்படியே இருக்கிறது. இருவருக்கும் 1989-இல் வேதியியல் நோபல். செக் கதைதான் சுவாரசியம், ஆனால் என்னைக் கேட்டால் வாதத்தை முடித்து வைத்தவர் ஆல்ட்மன்.

கே: எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக ஆர்.என்.ஏ. பிரிக்கிறேன். ஜெல்லில் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் இழுவிய புகை மாதிரிதான் வருகிறது. எல்லாவற்றையும் ஆட்டோகிளேவ் செய்துவிட்டேன். கைடு திட்டுகிறார்.
(மாணவர், கோவை)

ப: ஜெல்லில் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் 28எஸ், 18எஸ் என்று இரண்டு கோடுகள் பளிச்சென்று தெரிந்து, மேல் கோடு கீழ்க் கோட்டைவிடத் தடிமனாக இருந்தால் ஆர்.என்.ஏ. நன்றாக இருக்கிறது. கீழே புகை தேங்கினால் ஆர்.என்.ஏ.வை அறுக்கும் நொதியான ஆர்.என்.ஏஸ் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆட்டோகிளேவை, அதாவது அழுத்த நீராவியில் வேகவைப்பதை, நம்பாதீர்கள். ஆர்.என்.ஏஸ் ஏ வெறும் 124 அமினோ அமிலம் கொண்ட குட்டிப் புரதம், ஆனால் நான்கு டைசல்பைடு பிணைப்புகள் அதை இறுக்கிக் கட்டியிருக்கின்றன. கொதிக்க வைத்தால் குலையும், ஆறியதும் திரும்பவும் மடிந்து பழைய உருவத்துக்கு வந்து வேலையைத் தொடங்கிவிடும். வேலை செய்ய உலோக அயனியும் தேவையில்லை, அதனால் உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. போட்டும் அடக்க முடியாது. ஆர்.என்.ஏ.வின் சர்க்கரையில் இரண்டாம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் இருக்கிறதே, டி.என்.ஏ.வில் இல்லாதது, அதை இந்த நொதியில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஒன்று தூண்டிவிட, அது பக்கத்துப் பாஸ்பேட்டைத் தாக்கிச் சங்கிலியை அறுத்துவிடும். ஆர்.என்.ஏ.வை அதன் சொந்த உறுப்பை வைத்தே வெட்டுகிறது என்று சொல்லலாம்.

எல்லோரும் கைவிரலைத்தான் குற்றம் சொல்வார்கள். தோலில் ஆர்.என்.ஏஸ் உண்டு, உண்மைதான், கையுறையை அடிக்கடி மாற்றுங்கள். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் பெஞ்சில் மினிபிரெப் கிட் வைத்து பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட் பிரிப்பவரை. அந்த கிட்டின் முதல் பஃபரில் ஆர்.என்.ஏஸ் ஏ-யை வேண்டுமென்றே கலப்பார்கள். ஸ்டாக் தயாரிக்கும்போது, கூட வந்த, டி.என்.ஏ.வை வெட்டும் டி.என்.ஏஸ் சாகட்டும் என்று அதைக் கொதிக்க வைப்பதே பழைய வழக்கம், அப்படியும் இது சாகாது! அதே பிப்பெட்டை நீங்களும் எடுத்தால் என்ன ஆகும்? தனி பிப்பெட், ஃபில்டர் டிப், தனி மூலை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தண்ணீருக்கு டி.இ.பி.சி. என்ற வேதிப்பொருளைப் போடுங்கள், அது அந்த ஹிஸ்டிடினையே கெடுத்துவிடும். அப்புறம் ஆட்டோகிளேவ் செய்தால் மிச்ச டி.இ.பி.சி. போய்விடும். டிரிஸ் பஃபரில் மட்டும் நேரே போடாதீர்கள், டிரிஸ் அதைத் தின்றுவிடும். டி.இ.பி.சி. தண்ணீரை ஆட்டோகிளேவ் செய்தபின் அதில் டிரிஸைக் கரையுங்கள்.

கே: ரைபோசைம் பாக்டீரியாவிலும் குளத்துப் பூச்சியிலும்தானா? நம் உடம்பில் இல்லையா?
(வாசகர், சிதம்பரம்)

ப: இல்லாமலா? அநேகமாக ஒவ்வொரு செல்லிலும் லட்சக்கணக்கில் இருந்து புரதம் தயாரிக்கும் ரைபோசோம் ஒரு ரைபோசைம்தான். 2000-இல் நுண்ணுயிரிகளின் ரைபோசோம்களுக்கு அணு அளவிலான படம் கிடைத்தபோது, அமினோ அமிலங்கள் கோக்கப்படும் இடத்தைச் சுற்றி ஆர்.என்.ஏ. மட்டும்தான் இருந்தது, புரதமெல்லாம் எட்டத்தில். டி-ஆர்.என்.ஏ.வின் கடைசி அடினோசினில் உள்ள, முன் பதிலில் சொன்ன அதே ஹைட்ராக்சில் இங்கே கோக்கும் வேலைக்குத் துணை நிற்கிறது. அதை நீக்கினால் வேகம் வெகுவாகக் குறைகிறது. ஆக, புரதம் என்று நாம் சொல்லும் அத்தனையையும் செய்வது ஆர்.என்.ஏ. இதற்காக 2009-இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான வெங்கி ராமகிருஷ்ணன் உங்கள் ஊரில் பிறந்தவர், தெரிந்துதான் கேட்டீர்களோ?

கே: இளமை திரும்ப ஆர்.என்.ஏ. மாத்திரை சாப்பிடலாமா?
(வாசகர், ஈரோடு)

ப: கணையம் சுரக்கும் ஆர்.என்.ஏஸ் அதைக் குடலிலேயே துண்டு துண்டாக்கிவிடும். மாட்டின் கணையத்தில் இந்த நொதி ஏராளம், ஏனென்றால் அசைபோடும் வயிற்றில் வளர்ந்த பாக்டீரியாக்களின் ஆர்.என்.ஏ.வையெல்லாம் அது செரித்தாக வேண்டும். உங்களுக்கு அந்தத் தேவையும் இல்லை. யூரிக் அமிலம் கூடுதலாக இருப்பவர் என்றால் மாத்திரைப் பக்கமே போகாதீர்கள், அது இன்னும் கூடலாம்.